பாட்டியின் வைரத்துக்கு இரண்டு மோதிரங்கள்: எட்டு ஆண்டு அனுபவம்

2017 ஆவணியில் எனக்கு நிச்சயதார்த்தம். மோதிரத்துக்குக் கல் தேடி அலையவில்லை. பாட்டியின் ஏழு கல் வைரத் தோடு ஜோடியில் ஒரு தோடு எப்போதோ தொலைந்துவிட்டது. மற்றொன்று அம்மாவின் பீரோவில் துணியில் முடிந்து கிடந்தது. அதன் நடுக்கல்லை எடுத்துக்கொள் என்று அம்மாவே சொன்னார். முப்பது சென்ட் எடை, குறுக்களவு நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பழைய காலத்துப் பட்டை: மேல்முகம் சிறியது, தலைப்பகுதி உயரமானது, அடிமுனை கூராக இல்லாமல் மழுங்கலாக இருக்கும். நேராகப் பார்த்தால் கல்லின் நடுவில் ஒரு சின்ன வட்டம் தெரியும். இப்போதைய வைரங்கள் பொடிப்பொடியாகச் சிதறி மின்னுகின்றன. பாட்டியின் கல் விளக்கொளியில் அகலமாக, நிதானமாகச் சுடர்விடும். இந்தக் கல்லுக்குப் பழைய பாணி மோதிரம்தான் பொருந்தும் என்று முடிவுசெய்தேன். அதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எந்தப் பழைய பாணி என்பதில்தான் தவறினேன்.

நான் விரும்பிக் கேட்டது, 1901 முதல் 1910 வரை இங்கிலாந்தை ஆண்ட ஏழாம் எட்வர்ட் காலத்துப் பாணி. சரிகைப் பின்னல் போன்ற கம்பி வேலைப்பாடு, நடுக்கல்லைச் சுற்றிப் பொடி வைரங்கள், விளிம்பெல்லாம் கடுகைவிடச் சிறிய உலோக மணிகளின் வரிசை. அந்த மணி வரிசையை மில்கிரெய்ன் என்பார்கள். ஆயிரம் மணிகள் என்னும் பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். கடையில் 18 காரட் வெள்ளைத் தங்கத்தில் செய்து கொடுத்தார்கள். நிச்சயத்தன்று அத்தைமார் ஒவ்வொருவராக என் கையை வாங்கிப் பார்த்தார்கள்.

நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை. காலையில் இட்லி மாவு கரைக்கும் கைதான் பத்து மணிக்குச் சாக்பீஸ் பிடிக்கிறது. மாவும் சாக்பீஸ் தூளும் கம்பிப் பின்னலுக்குள் புகுந்து இறுகின. கல் விரலிலிருந்து ஏழு மில்லிமீட்டர் உயரத்தில் நின்றதால் பட்டுப் புடவையின் சரிகை இழையை இழுத்துக்கொண்டே இருந்தது. ஓராண்டுக்குள் உள்ளங்கைப் பக்கம் ரோடியம் முலாம் தேய்ந்து மங்கிய மஞ்சள் தெரிந்தது. வெள்ளைத் தங்கத்தின் பளிச்சென்ற வெண்மை முலாமால் வருவது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் ஆண்டில் பொடி வைரங்கள் இரண்டு உதிர்ந்தன. கடைக்குக் கொண்டுபோனால், "இது தினமும் போடுகிற மோதிரம் இல்லையே, அம்மா" என்றார்கள். நிச்சய மோதிரத்தை வேறு எப்போது போடுவது? வாங்கிய நாளில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. பிறகு ஒரு நாள் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தபோது நடுக்கல்லே லொடலொடத்தது. அன்றே கழற்றி வைத்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்துக்குத் தாலி செய்து கொடுத்த ஆசாரியிடம் எடுத்துப்போனோம். எழுபது வயதைத் தாண்டியவர். லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்த வேலை பிளாட்டினத்துக்காகப் பிறந்தது, கண்ணு. மெல்லிசாக இழுத்தாலும் அது பிடியை விடாது. தங்கத்தில் இதே மெல்லிசில் செய்தால் எத்தனை நாள் தாங்கும்?" என்றார். அதன் பிறகு நானாகத் தேடிப் படித்தேன். பிளாட்டினம் 1,768 டிகிரி செல்சியஸில்தான் உருகும். அந்த வெப்பத்தை எளிதாகத் தரும் ஊதுகுழல்கள் பட்டறைக்கு வந்த பிறகே அந்தச் சரிகை வேலை பரவியது. கீறல் விழுந்தாலும் பிளாட்டினம் பெரும்பாலும் பக்கத்தில் ஒதுங்குகிறது. தங்கம் தேய்ந்து போய்விடுகிறது. ஆக, நான் பாணியை எடுத்துக்கொண்டு அதன் உலோகத்தை விட்டுவிட்டேன். தவிர, என் மோதிரத்தின் மணி வரிசை கையால் உருட்டியது அல்ல, மெழுகு அச்சில் வார்த்தது. அதனால்தான் மணிகள் புதிதிலேயே மழுங்கலாக இருந்தன.

2020 தை மாதம் அதே கல்லுக்கு அந்த ஆசாரியிடமே இரண்டாவது மோதிரம் செய்தோம். இதுவும் பழைய பாணிதான். விக்டோரியா காலத்து மோதிரங்களில் அதிகம் காணப்படும் முறை. 18 காரட் மஞ்சள் தங்கத்தில் கல்லைச் சுற்றி முழு விளிம்பு எழுப்பி, அதைக் கல்லின் மேல் மடித்து அமுக்கியிருக்கிறார். உயரம் மூன்றரை மில்லிமீட்டர். மணி வரிசையைச் சிறு சக்கரக் கருவியால் கையாலேயே உருட்டினார். பழைய வைரங்களின் இடுப்பு விளிம்பு, அதாவது கல்லின் அகலமான சுற்று ஓரம், கத்திபோல் மெல்லியதாக இருக்கும், தட்டினால் சில்லு தெறிக்கும்; முழு விளிம்பு அதற்குக் கவசம். பாட்டியின் தோட்டில் கல்லின் பின்புறம் தங்கத்தால் மூடியிருந்தது. இதில் பின்புறத்தைத் திறந்துவிடச் சொன்னேன். ஒளி ஊடுருவுகிறது, கழுவவும் முடிகிறது.

ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக இதைத்தான் தினமும் போட்டிருக்கிறேன். கல் ஒருமுறைகூட ஆடவில்லை. புடவையில் சிக்குவதில்லை. குறை இல்லாமல் இல்லை. விளிம்பு மேலே ஏறியிருப்பதால் கல் கொஞ்சம் சிறியதாகத் தெரிகிறது. முதல் மோதிரத்தைப் பார்த்தவர்கள் கல்லை மாற்றிவிட்டாயா என்று கேட்டிருக்கிறார்கள். சுண்டுவிரல் பக்கம் மணிகள் தட்டையாகிவிட்டன, ஒருமுறை மறுபடி உருட்ட வேண்டியிருந்தது. வைரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு சீக்கிரம் ஒட்டும் என்பதால் வாரம் ஒருநாள் பூந்திக்கொட்டை ஊறிய வெந்நீரில் போட்டு மென்மையான தூரிகையால் தேய்க்கிறேன். இதில் ஐந்து நிமிடத்தில் வேலை முடிகிறது. பழைய மோதிரத்துக்கு அரை மணி நேரம் போதாது.

முதல் மோதிரத்தை மாற்றியபோது தங்கத்துக்கு மட்டுமே மதிப்புப் போட்டார்கள். பொடி வைரங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. சுற்றிலும் பொடிக்கற்கள் வைத்த மோதிரம் வாங்குகிறவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மணி வரிசை கைவேலையா அச்சா என்றும், விரலிலிருந்து கல் எவ்வளவு உயரம் என்றும் கேளுங்கள். ஸ்கேலை வைத்தே அளந்து பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

தோட்டின் மீதி ஆறு கற்களை ஆசாரி காகிதப் பொட்டலமாக மடித்துக் கொடுத்தார். வரும் தையில் தங்கைக்கு நிச்சயம். அவள் ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். சென்ற ஞாயிறு அவள் விரல் அளவைக் கொடுத்துவிட்டு வந்தோம்.