டயாலிசிஸ் அரிப்புக்கு காபாபென்டின்: ஒன்றரை வருட அனுபவம்

எனக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறது. தொடங்கிய ஆறாவது மாதத்திலிருந்து அரிப்பு. முதுகும் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) போட்ட இடது கையும்தான் மோசம். தடிப்பு, கொப்புளம் எதுவும் கிடையாது, தோல் காய்ந்து சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பகல் எப்படியோ ஓடிவிடும். இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியும்வரை தூக்கம் இல்லை. பனையோலை விசிறிக் காம்பால் முதுகைச் சொறிந்து ரத்தம் வந்து, காலையில் பனியன் ஒட்டிக்கொண்டிருக்கும். மனைவி வெந்நீர் தொட்டு மெல்லப் பிரித்தெடுப்பாள்.

முதலில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். சிரங்கு என்று நினைத்து வீட்டில் எல்லோருக்கும் லோஷன் எழுதினார். அப்புறம் அலர்ஜி மாத்திரை. அது தூக்கத்தைக் கொடுத்தது, அரிப்பை எடுக்கவில்லை.

டயாலிசிஸ் டாக்டரிடம் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆனது. பொட்டாசியம், ரத்த அழுத்தம் ஏறுவது, மூச்சுத் திணறல் என்று பேசும் இடத்தில் அரிப்பைப் போய்ச் சொல்வதா என்று கூச்சம். இப்போது நினைத்தால் அந்த ஒரு வருடத்தை வீணாக்கிவிட்டேனே என்றுதான் வருத்தமாக இருக்கிறது. சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கடந்த 24 மணி நேரத்தில் அரிப்பு உச்சத்தில் இருந்தபோது பத்துக்கு எத்தனை?" ஒன்பது என்றேன். இது சிறுநீரக நோயோடு வருவது, நரம்பு வழியாக வேலை செய்வது, அதனால்தான் அலர்ஜி மாத்திரைக்கு மசியவில்லை என்றார்.

உடனே மருந்து எழுதவில்லை. அரிப்பைக் கூட்டக்கூடிய இரண்டு தப்பு என்னிடம் இருந்தது. பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடாமல் ஒரு மணி நேரம் கழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நாலு மணி நேர டயாலிசிஸில் கடைசி அரை மணி நேரத்தைக் கெஞ்சிக் குறைத்துக்கொள்வேன். இரண்டையும் திருத்தியதில் ரத்தத்தில் பாஸ்பரஸ் அளவு 7.4-இலிருந்து 5.3-க்கு வந்தது. குளித்து ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் பூசச் சொன்னார். இரண்டு மாதத்தில் ஒன்பது ஏழானது.

அதன் பிறகுதான் நரம்பு வலிக்குக் கொடுக்கும் காபாபென்டின் மருந்து 100 மில்லிகிராம், ஒவ்வொரு டயாலிசிஸும் முடிந்த பிறகு மட்டும் ஒன்று. தினமும் கிடையாது. இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். நம் உடம்பில் அது அடுத்த டயாலிசிஸ் வரை தங்கிவிடும். முதல் வாரம் மறுநாள் காலை லேசான கிறுகிறுப்பு. மூன்றாவது வாரம் ஒரு நாள் கண் விழித்தபோது மணி நாலரை. நடுவில் எழுந்திருக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழுதுவிட்டேன்.

ஒரு முறை மருந்துக்கடையில் 100 இல்லை என்று 300 கொடுத்தார்கள். அட்டையைப் பார்க்காமல் போட்டுவிட்டேன். மறுநாள் நாக்கு குழறியது, நடக்க முடியவில்லை, குளியலறை வாசலில் விழுந்தேன். பிறருக்குச் சாதாரணமான அளவு நமக்கு அப்படி இல்லை. தயவுசெய்து அட்டையில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் சொல்லித்தான்.

இந்த அரிப்புக்கென்றே டைஃபெலிகெஃபாலின் என்ற ஊசிக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, டயாலிசிஸ் முடிவில் போடுவது. நான் போட்டதில்லை. என் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் யுவிபி (புற ஊதாக் கதிர்) ஒளி சிகிச்சை கொடுக்கிறார்கள். வாரம் மூன்று தடவை போய்வருவது சிரமம், ஆனால் குறைந்திருக்கிறது என்கிறார்.

ஒன்றரை வருடம் கழித்து என் எண் இரண்டு, மூன்று. மார்கழிக் குளிரில் நாலுக்கு ஏறும், அப்போது க்ரீமை இரவிலும் ஒரு தடவை பூசுகிறேன். ஃபிஸ்டுலா கையில் மட்டும் இன்னும் கொஞ்சம் நமைச்சல் இருக்கிறது. அங்கே நகம் படாமல் ஈரத்துணியை மடித்து வைத்துக்கொள்கிறேன்.