7.5 எச்.பி. டிரைவ்: போர் மோட்டாருக்கு வாங்கலாமா?

தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கத்து மோட்டார் கடைகளில் 7.5 எச்.பி. என்று விற்கிற 5.5 கிலோவாட் விஎஃப்டி டிரைவ் இது, அதாவது ஹெர்ட்ஸைக் கூட்டிக் குறைத்து மோட்டாரின் வேகத்தை மாற்றும் பெட்டி. "கரண்ட் மிச்சமாகும்" என்றுதான் தள்ளிவிடுவார்கள். விவசாய இணைப்புக்குக் கட்டணமே இல்லாத ஊரில் அந்தப் பேச்சு எதற்கு? ரைஸ்மில் ப்ளோயருக்கென்றால் சரி. 50 ஹெர்ட்ஸை 45 ஆக்கினாலே இழுக்கும் பவர் கால் பங்குக்கு மேல் குறையும். போருக்கு வாங்கக் காரணம் வேறு. லைனை நேரடியாக மோட்டாருக்குக் கொடுக்கும் டிஓஎல் ஸ்டார்ட்டர் மாதிரி கிளம்பும்போது ஆறு மடங்கு ஆம்பியர் இழுக்காது, குழாய் உதறாது, ஒரு ஃபேஸ் போனால் காயில் கருகுமுன் ட்ரிப் ஆகிவிடும்.

வாங்கும்போது எச்.பி.யைப் பார்க்காதீர்கள், ஆம்பியரைப் பாருங்கள். இந்தப் பெட்டி தருவது 13. போருக்குள் மூழ்கி ஓடும் அதே 7.5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டாரின் பிளேட்டில் 15, 16 என்று இருக்கும். தரை மோட்டாருக்கு இது போதும். போருக்கு அடுத்த சைஸ், 7.5 கிலோவாட்.

கம்பெனி செட்டிங்கில் ஸ்டார்ட் நேரம் 10 வினாடி. சப்மெர்சிபிளுக்கு அது ஆகவே ஆகாது. அடியில் பாரத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் தண்ணீர்ப் படலத்தின்மேல் சுற்றுவது. 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே படலம் நிற்காமல் உரசித் தேயும். ஒன்றிரண்டு வினாடியில் 30-ஐத் தொடவையுங்கள், குறைந்தபட்ச ஹெர்ட்ஸையும் அங்கேயே பூட்டுங்கள். டிரைவ் கரண்டை நறுக்கும் வேகமான கேரியர் ஃப்ரீக்வென்சி 2 கிலோஹெர்ட்ஸ் போதும். மோட்டார் கீச்சிடும்தான், 200 அடிக்குக் கீழே யார் காதில் விழப்போகிறது?

பெரிய குறை, மோட்டார் கேபிளில் வோல்டேஜ் எகிறாமல் அடக்கும் காயிலான அவுட்புட் சோக் கூடவே வராதது. டிரைவுக்குள் டிசி 585 வோல்ட். உள்ளே உள்ள ஐஜிபிடி என்ற எலக்ட்ரானிக் ஸ்விட்ச் அதை நறுக்கி அனுப்ப, நீளமான கேபிளின் முனையில் அலை மோதித் திரும்பி 1,100 வோல்ட் வரை எகிறும். கேபிள் 50 மீட்டரைத் தாண்டினால் சோக் இல்லாமல் ஓட்டாதீர்கள். ரீவைண்டிங் செய்த மோட்டார் இந்த அடியைத் தாங்காது.

பழைய ஸ்டார்ட்டரையோ கண்டென்சரையோ டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் விட்டுவைத்தால் போவது ஐஜிபிடி. மோட்டாரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் வைக்குமுன்னும் டிரைவ் வயரைக் கழற்றிவிட வேண்டும்.

லோ வோல்டேஜுக்கும் இது மருந்தல்ல. லைனில் 340 வோல்ட்தான் என்றால் டிரைவ் அதை ஏற்றித் தராது. 41 ஹெர்ட்ஸுக்கு இறக்கி ஓட்டினால் தண்ணீர் குறையும், ஆம்பியர் அடங்கும்.

பெட்டி திறந்த வகை. மோட்டார் கொட்டகையில் போர்டுமேல் ஒரு பல்லி குறுக்கே விழுந்தாலே ஷார்ட்தான். ஃபேன் வைத்த இரும்புப் பெட்டிக்குள் போட்டு, காற்றுவழிக்கு வலை அடியுங்கள். வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று வேறு. போர்டுக்கு வார்னிஷ் பூச்சு அடித்த மாடலாகக் கேட்டு வாங்குங்கள்.