ஒன்பது வருஷம் ஏரில் பூட்டிய பிறகு: மாட்டின் காலையும் நடையையும் பார்த்து வாங்கிய ஜோடி

எங்கள் நிலம் திருமங்கலத்துக்குத் தெற்கே, கள்ளிக்குடிப் பக்கம். 4 ஏக்கர் கரிசல். பருத்தி, மக்காச்சோளம், ஒரு மூலையில் உளுந்து. கோடை உழவுக்கு டிராக்டர்தான் வருகிறது. ஆனால் பருத்தி முழங்கால் உயரம் வந்த பிறகு வரிசைக்கு நடுவே ஊடு உழவு ஓட்டவும், குப்பை எருவை வண்டியில் அடிக்கவும் எனக்கு மாடு வேண்டும். 2016 ஐப்பசியில் வாங்கிய ஜோடி இன்றைக்கும் என் கொட்டத்தில் நிற்கிறது. வலத்தில் மருது, இடத்தில் கருப்பன். வாங்கும்போது பார்த்தவற்றில் எது உழைப்பில் நிரூபணமானது, எது வீண் என்று சொல்ல ஒன்பது வருஷம் போதும் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன்னால் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். 2014-ல் சந்தையில் ஒரு ஜோடி வாங்கினேன். ஒரே நிறம், ஒரே உயரம், கூடு கொம்பு, உருண்டு திரண்ட திமில். மாட்டின் மயிர்ச்சுழியை வைத்து ராசி பார்த்த பெரியவர் ராஜ சுழி என்று சொல்லிவிட்டார். விலை பேசத் தரகர் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்தபோதே நான் முடிவு செய்துவிட்டேன். மாட்டை நடத்திக் காட்டினார்கள், பார்த்தேன். ஆனால் காலையிலிருந்து நடந்து சூடேறியிருந்த மாடு அது.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் விடிகாலையில் படுத்திருந்த மாடு எழுந்தது. இடது பின்னங்கால் மடங்கவில்லை. கம்பு மாதிரி பின்னால் நீட்டிக்கொண்டு, நாலைந்து எட்டு இழுத்து, பிறகு வெடுக்கென்று வெட்டி முன்னுக்கு வந்தது. பத்தடி போனதும் சரியாக நடந்தது. சுளுக்கு என்றார்கள். எண்ணெய் தேய்த்தோம். பிறகு சூடும் வைத்தோம்; அந்தத் தழும்பை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது. ஒரு வருஷம் ஓடியது. மார்கழிக் குளிரில் அதிகமாகும், வெயில் ஏறினால் குறையும். இழுத்து இழுத்துக் குளம்பின் முன்நுனி தேய்ந்து ரத்தம் கசிந்தபோதுதான் கால்நடை மருத்துவரிடம் போனேன். தொடைக்குக் கீழுள்ள மூட்டில் இருக்கும் முட்டிச்சில்லு மேலே ஏறிப் பூட்டிக்கொள்கிறது என்றார். நின்ற நிலையிலேயே மரத்துப்போகும் ஊசி போட்டு, சில்லைப் பிடித்திருக்கும் உட்பக்க நார் ஒன்றைச் சின்னக் கீறலில் அறுத்துவிட்டார். அன்றைக்கே கால் மடங்கியது. உழவு மாட்டிலும் எருமையிலும் இது அடிக்கடி பார்ப்பதுதான் என்றவர், மாட்டின் பக்கவாட்டில் போய் நின்று காட்டினார்: “பாருங்க, பின்னங்கால் தூண் மாதிரி நேரா இறங்குது. இப்படி இருந்தா இந்த வம்புக்கு இடம் ஜாஸ்தி.” வாங்கிய அன்று அந்தக் காலை நான் பார்க்கவே இல்லை. திமிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் அடுத்த ஜோடியைச் சந்தையில் தேடவில்லை. சிவகங்கைப் பக்கம் மந்தையை வயலில் அடைத்துக் கிடை போட்டிருந்த ஒரு கீதாரியிடம், அதாவது மந்தைக்காரரிடம், போனேன். புளிக்குளம் மாடு. மானாமதுரைப் பக்கத்து ஊர்ப் பெயரில் வழங்கும் இனம்; கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகத்தில் பதிவானது. ஜல்லிக்கட்டுக் காளையாகத்தான் ஊருக்குத் தெரியும். ஆனால் எருவுக்காக வயல் வயலாகக் கிடை போட்டு, மேய்ச்சலுக்கு நாள் முழுக்க நடந்தே வளர்கிற மாடு இது. காங்கேயம் மாட்டைவிட உருவில் சிறியது. எனக்கு வேண்டியது நடை.

நான் முகத்துக்கு நேரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கீதாரி சொன்னார்: “தம்பி, முன்னால நின்னா அது உங்களைத்தான் பாக்கும். பின்னால போங்க, அப்பத்தான் நடக்கும்.”

அப்படியே செய்தேன். முதல் நாள் சாயங்காலம் போய் அங்கேயே தங்கி, விடிகாலையில் அவை படுத்த இடத்தை விட்டு எழுந்து வைத்த முதல் பத்து எட்டைப் பார்த்தேன். பிறகு கயிற்றை நீளமாக விட்டு, உழுத மண்ணில் நடத்தினோம். மண்ணில் தடம் பேசும். முன்னங்கால் பதிந்த இடத்திலேயே, அல்லது அதற்கு இரண்டு விரல் முன்னால், பின்னங்கால் விழ வேண்டும். பின்தங்கி விழுந்தால் முதுகோ தொடையோ எட்டிக் கொடுக்கவில்லை என்று பொருள். பின்னாலிருந்து பார்க்கும்போது வாலடியில் இருக்கும் சப்பை எலும்பிலிருந்து குளம்பு வரை ஒரு நூல் விட்டது போல் கால் இறங்க வேண்டும். பின்னங்காலின் நடு மடக்குகள் ஒன்றையொன்று உரசக்கூடாது. பக்கவாட்டில் பார்த்தால் அதே கால் லேசாக மடங்கி நிற்க வேண்டும். நேராக நின்றால் நான் முன்பு பட்ட பாடு. அதிகமாக அரிவாள் போல் வளைந்திருந்தால் பார இழுப்பில் அந்த நடு மடக்குத்தான் முதலில் வீங்கும். வலமும் இடமுமாக இறுக்கி வட்டம் திருப்பினோம், பத்தடி பின்னுக்குத் தள்ளினோம். வலியை மறைக்கிற மாடு நேர் நடையில் மறைத்துவிடும், திரும்பும்போது மறைக்க முடியாது.

முன்பக்கமும் முக்கியம்தான். மாட்டின் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்தான் தாங்குகிறது. இரண்டு முன்னங்காலுக்கும் நடுவே நல்ல அகலம் வேண்டும், முழங்கால் உள்ளே சாயக்கூடாது. குளம்பு கறுத்து, பிளவு சேர்ந்து இருக்க வேண்டும். கரிசலில் இது பெரிய விஷயம். விரிந்த குளம்பு ஈர மண்ணை அப்பிக்கொண்டு ஒவ்வொரு எட்டுக்கும் கூடுதல் பாரம் தூக்கும். வயிற்றுக்கு அடியில் குறித்தோல் தொங்காமல் ஒட்டியிருப்பதையும் பார்த்தேன். பருத்திக் குச்சியில் கிழித்துக்கொண்டால் புண் ஆறாது.

பல் பார்த்தேன், இரண்டுக்கும் பால்பல் விழுந்து நாலு நிலைப்பல் முளைத்திருந்தது. மூன்று வயதுக்குப் பக்கம். நாடாவும் கொண்டுபோயிருந்தேன். நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து சப்பை எலும்பு வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை ஏறக்குறையக் கிலோவில் வரும். வளர்ந்து எல்லாப் பல்லும் முளைத்துக் கடை சேர்ந்தபின் மருதுவுக்குச் சுற்று 62, நீளம் 52. சுமார் 300 கிலோ. மாடு நாள் வேலையில் தன் எடையில் பத்தில் ஒரு பங்கைத்தான் சளைக்காமல் இழுக்கும். ஜோடிக்கு 60 கிலோ இழுப்பு. ஊடு உழவுக்கு இது தாராளம். கட்டாந்தரையில் முதல் உழவுக்கு இதை நம்பிப் பூட்டினால் மாட்டைக் கெடுப்போம். நான் பூட்டியதில்லை.

சுழி பார்க்கச் சொல்லி என் மாமா வற்புறுத்தினார். கருப்பனுக்கு முதுகில் இறங்கு பூரான் என்கிற சுழி, ஆகாது என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் வாங்கினேன். ஒன்பது வருஷத்தில் வீட்டுக்கோ மாட்டுக்கோ அதனால் ஒன்றும் வரவில்லை.

ஒன்றில் தவறினேன். கருப்பனின் எட்டு மருதுவின் எட்டைவிட நாலு விரல் குட்டை. கிடையிலேயே தெரிந்தது, கால் நன்றாக இருக்கிறதே, பழகிவிடும் என்று விட்டுவிட்டேன். எட்டு பழகாது. மருது முந்த, நுகத்தடி சாய, இரண்டாம் மாதமே கருப்பன் கழுத்தில் தோல் உரிந்தது. மூன்று வாரம் ஏர் நின்றது. பிறகு ஒரு பழைய வண்டிக்காரர் சொல்லி, நுகத்தடியில் ஏர்க்கால் சேரும் நடுக்கட்டையை மருது பக்கம் இரண்டு விரல் தள்ளிக் கட்டினேன். கருப்பன் பக்கத்து நுகக்கை நீளமாகி, அவன் பங்குப் பாரம் குறைந்தது. புண் திரும்ப வரவில்லை. ஜோடி சேர்க்கிறவர்கள் உயரத்தை ஒப்பிடுவதற்கு முன்னால் எட்டை ஒப்பிட்டுப் பாருங்கள்.

செலவில் எனக்கு உறுத்துவது லாடம். பிளவுக் குளம்பு ஆனதால் மாட்டுக்கு எட்டு லாடம், ஜோடிக்கு பதினாறு. வயலுக்கு மட்டும் போனால் தேவையில்லை, தார் ரோட்டில் குப்பை வண்டி ஓட்டும் மாதங்களில் அடித்தே ஆக வேண்டும். அடிப்பவர் எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒருவர்தான் மிச்சம். அவர் வருகிற நாளுக்குத்தான் நான் வண்டி பூட்டும் நாளைக் குறிக்கிறேன்.

மற்றபடி இந்த ஒன்பது வருஷத்தில் காலுக்காக ஒருநாளும் மருத்துவரைக் கூப்பிட்டதில்லை. விடியலில் பூட்டி பத்து மணிக்கு அவிழ்ப்பேன், வெயில் தாழ்ந்தபின் மறுபடி. மழைக்குப் பிறகு, வாய்க்கூடு போட்டு, பருத்திச் செடியில் ஏரின் கொழு படாமல் வரிசை மாறாமல் இரண்டும் போகும் அழகை நான் இன்னும் நின்று பார்க்கிறேன்.

போன வாரம் மழை விட்டதும் இரண்டையும் ஈர மண்ணில் நடத்திப் பின்னால் போனேன். கருப்பனின் தடம் பழையபடியே இருக்கிறது. மருதுவின் வலது பின்னங்கால், முன்தடத்துக்கு மூன்று விரல் பின்தங்கி விழுகிறது. பன்னிரண்டு வயது. சாயங்கால உழவை நிறுத்திவிட்டேன். காலையில் மட்டும், அதுவும் அரை ஏக்கர். நடுக்கட்டை இப்போது கருப்பன் பக்கம் ஒரு விரல் தள்ளியிருக்கிறது.