அனுமதி எடுத்துத் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்: 45,000 ரூபா போய்விட்டது

திருகோணமலையில் தெரு நிகழ்ச்சி, பூங்கா நிகழ்ச்சி வைக்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். 45,000 ரூபா. எங்கள் ஒழுங்கைச் சனம் வீடு வீடாகப் போட்ட காசு.

சித்திரைப் புத்தாண்டுக்கு ஒழுங்கையை மறித்துப் பகலில் விளையாட்டு, பொழுதுபட்டதும் பக்கத்துப் பூங்காவில் கலைநிகழ்ச்சி என்று ஏற்பாடு. பந்தல், சவுண்ட், லைட் வாடகைக்கு விடுகிற ஒரு நிலையத்துக்குப் போனோம். முறைப்பாடு பொலிஸில் இருப்பதால் பெயர் போடவில்லை. "ஏன் தம்பி வெயிலுக்க அலையிறீங்கள்? சபை, பொலிஸ் எல்லாம் நான் பாக்கிறன்" என்றார் முதலாளி. சபை என்றது எங்கள் உள்ளூராட்சி சபையை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்துப் போட்டார். கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, ஒவ்வொன்றிலும் நீல மையில் முத்திரை. பிளேன்டீ வந்தது. என் அப்பாவின் வயது அந்த மனிதருக்கு. பொருளாளர் அண்ணை 45,000 ரூபாவையும் எண்ணி வைத்தார். காசு வாங்கியதற்குத் துண்டு கேட்டோம். "சபைப் பற்றுச்சீட்டோட சேர்த்துத் தாறன்" என்றார்.

நிகழ்ச்சிக்கு முதல்நாள் இரவு அனுமதிக் கடிதம் வட்ஸ்அப்பில் படமாக வந்தது.

மறுநாள் முட்டி உடைக்கிற விளையாட்டுக்கு மண் முட்டிகளில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கயிற்றில் கட்டியாயிற்று. முதல் பிள்ளைக்குக் கண் கட்டும்போது பொலிஸ் ஜீப் வந்து நின்றது. போனைக் காட்டினோம். அதிகாரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். திகதி மட்டும் வேறு எழுத்தில் இருந்தது, பழைய திகதியின் வால் கீழே தெரிந்தது. சவுண்ட் நின்றது. பூங்கா கேட் பூட்டு. சபையில் எங்கள் பெயரில் ஒரு பதிவும் இல்லை.

அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் சாட்டு. கிளார்க் லீவாம். காசு அங்கே கட்டியாச்சாம், திருப்பித் தரமாட்டார்களாம். அப்ப பற்றுச்சீட்டைத் தாருங்கள் என்றால் போன் கட். நேரில் போனால் முதலாளி கண்டிக்குப் போய்விட்டார் என்கிறான் கடைப்பெடியன், அவருடைய மோட்டார் சைக்கிள் வாசலிலேயே நிற்கிறது! அந்த 45,000 ரூபாவில் வடை சுட்டு விற்கிற அம்மா தந்த ஐந்நூறும் இருக்கிறது. எப்படி மனம் வந்தது இவருக்கு?

விண்ணப்ப முறையை முழுதாக எழுதுவதாக எங்கள் குழுவில் சொல்லியிருந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, இவ்வளவுதான். பூங்காவுக்கும் சபை வீதிக்கும் சபைக் கவுண்டரிலேயே கட்டுங்கள், பற்றுச்சீட்டு உங்கள் கழகத்தின் பெயரில் இருக்க வேண்டும். பிரதான வீதி என்றால் அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் நிலையத்துக்கு நீங்களே போங்கள். 2007 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுவாக அந்த அனுமதி கிடையாது. "விடிய விடியப் போடலாம், நான் எடுத்துத் தாறன்" என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

வெசாக்குக்கு இப்படி யாரிடமாவது காசு கொடுத்திருந்தால், கடிதத்தின் மூலப்பிரதியை இன்றைக்கே கேளுங்கள். படம் அனுப்புகிறேன் என்றால் விடாதீர்கள்.