மயிலாப்பூரில் வாங்கிய ஒரு டஜன் சீவாளி

கும்பகோணம் பக்கம் இருக்கும் நாகஸ்வரக்காரர்கள் திருவாவடுதுறைக்கே போய், செய்பவரின் வீட்டிலேயே அமர்ந்து, ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து, நாகஸ்வரத்தின் நுனியில் செருகி ஊதும் நாணல் துண்டான சீவாளியை எடுத்துக்கொள்ளலாம். சென்னைவாசிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆகவே, மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய சந்தொன்றில் உள்ள சிறிய வாத்தியக் கடைக்குத் திருவாவடுதுறைச் சரக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும், சென்ற ஐப்பசியில் ஒன்று 150 ரூபாய் வீதம் ஒரு டஜன் வாங்கி வந்தேன்.

கடைக்காரர் விவரம் தெரிந்தவர். காசைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, "பாரியா, திமிரியா? எத்தனை கட்டை?" என்று கேட்டார். பாரி நீளமான, சுருதி தாழ்ந்த நாகஸ்வரம்; திமிரி குட்டையான, சுருதி ஏறிய நாகஸ்வரம்; கட்டை என்பது சுருதியின் அளவு. என்னுடையது இரண்டு கட்டைப் பாரி. திமிரிக்கு உரிய சிறிய சீவாளியைப் பாரியில் செருகினால் சுருதி ஏறிவிடும். உதட்டைத் தளர்த்தித் தளர்த்தி அதைக் கீழே இறக்குவதற்குள் வாய் ஓய்ந்துவிடும். அவ்வளவு கேட்டவர் கட்டித் தந்த பொட்டலத்தில் இரண்டு திமிரிச் சீவாளிகள் கலந்திருந்ததுதான் வேடிக்கை.

மீதிப் பத்தில் ஆறு அருமையானவை. காவிரிக் கரையில் விளையும் கொறுக்கந்தட்டை என்னும் நாணலைக் காயவைத்துப் பதப்படுத்தி, ஒரு முனையைத் தட்டையாக அழுத்தி, மறுமுனையை நாகஸ்வரத்தின் மேல்முனையில் உள்ள சிறிய உலோகக் குழலான கெண்டையில் செருகும் அளவுக்கு நூலால் இறுக்கிக் கட்டுவது முழுக்க முழுக்கக் கைவேலை என்பதால், ஒன்றைப்போல் மற்றொன்று இருக்காது. இந்த ஆறு சீவாளிகளும் வைக்கோல் நிறத்தில், கறுப்புக் கோடு எதுவும் இல்லாமல், வாய் ஒரு நெல்மணி அளவுக்கே திறந்திருந்தன. வாயில் சற்று நேரம் ஊறவைத்ததும் தோடி ராகத்தைப் பிடித்தேன். தோடிக்குப் பேர்பெற்ற நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் ஊர்ச் சரக்கு என்பதால் வந்த அசட்டு ஆசைதான், வேறொன்றுமில்லை. காந்தாரத்தில் கமகம் பிசிறில்லாமல் அசைந்தது. மேல் ஷட்ஜத்தை மெல்லிய காற்றிலேயே தொட முடிந்தது.

மற்ற மூன்று சீவாளிகள் கெண்டையில் சற்றுத் தளர்ந்து உட்கார்ந்தன. அடியில் இரண்டு சுற்று நூல் சுற்றியதும் சரியாயின; இது எல்லாச் சீவாளிக்கும் உள்ள வழக்கம், குறையாகச் சொல்லமாட்டேன். கடைசி ஒன்று முதல்முறை நனைத்தபோதே ஓரத்தில் விரிந்துவிட்டது. திமிரிச் சீவாளிகளை மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்த கடைக்காரர், விரிந்ததைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நனைச்சுட்டீங்களே, ஐயா" என்று திருப்பித் தந்துவிட்டார். நனைக்காமல் ஊதிப் பார்ப்பது எப்படி என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு குறை, பிளாஸ்டிக் உறை. சென்னையின் அடைமழையில் காற்றுப் புகாத உறைக்குள் கிடந்ததில், நான்காம் நாளே ஒரு சீவாளியின் அடிநூலில் பூஞ்சை படர்ந்துவிட்டது. துடைத்து நிழலில் உலர்த்தி, எல்லாவற்றையும் மூடி இல்லாத மரப்பெட்டிக்கு மாற்றினேன். மார்கழிக் கச்சேரிகளுக்கு முன் இன்னும் அரை டஜன் வாங்க அங்கேதான் போகப் போகிறேன். இம்முறை கெண்டையைக் கையோடு எடுத்துப்போய், செருகிப் பார்த்த பிறகே காசு கொடுப்பேன்.