சிம்னியா, எக்ஸாஸ்ட் ஃபேனா?

குளச்சல், முட்டம் மாதிரி கடலோர ஊர்கள் பக்கம் அடுக்களையைப் புதுப்பிக்கிறவர்கள் ரொம்பவே தடுமாறுவது இதில்தான்.

செலவு: சாதாரண ஃபேன் 2,000 ரூபாய் அளவில் முடியும். சிம்னிக்கு 10,000 தாண்டும், குழாய் வேலை தனி.

புகை: சாளை மீன் பொரிக்கும்போது கிளம்புகிற எண்ணெய்ப் புகையைச் சிம்னி அடுப்புக்கு மேலேயே இழுத்துவிடும்; ஃபேன் என்றால் அது அறையெல்லாம் சுற்றித்தான் வெளியே போகும், அதற்குள் டைல்ஸிலும் டியூப்லைட்டிலும் பிசுக்கு படிந்துவிடும்.

உழைப்பு: உப்புக்காற்றில் இரும்பு ஃபேன் சீக்கிரம் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக்கில் வாங்குங்கள். சிம்னியில் 304 ஸ்டீல் (எளிதில் துருப்பிடிக்காத ரகம்) பேஃபிள் ஃபில்டர், அதாவது எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து நிறுத்தும் வளைந்த தகடுகள் உள்ள வடிகட்டி, கேளுங்கள்; வெந்நீரில் சோப்பு போட்டு ஊறவைத்துக் கழுவலாம்.

தினமும் மீன் பொரிக்கிற, ஹாலோடு சேர்ந்த சமையலறைக்குச் சிம்னிதான், யோசிக்கவே வேண்டாம். பெரிய ஜன்னலோடு தனியாக இருக்கும் பழைய அடுக்களைக்கு ஃபேனே தாராளம், ஆனால் அதை அடுப்புப் பக்கச் சுவரில் உயரமாக வையுங்கள்.