யூபிஎஸ் பீப் சத்தத்தை நிறுத்தியது: ஐந்து வருட அனுபவம்

சிவகாசியில் காலண்டர் பக்க வடிவமைப்பு செய்கிறேன், வீட்டிலிருந்தே. ஆடிப்பெருக்கன்று புது காலண்டர் மாதிரி ஆல்பங்கள் வெளியாகும் என்பதால் அதற்கு முந்தைய இரண்டு மாதமும் ராத்திரி வேலைதான். கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்கும் மாமியாரும் மகளும் தூங்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு மட்டும்தான். முதல் யூபிஎஸ் வாங்கியபோது மகளுக்கு எட்டு மாதம். 600 விஏ, அதாவது 360 வாட், சாதாரண வகை, கம்ப்யூட்டரோடு இணைக்க யூஎஸ்பி கிடையாது. கரண்ட் போனால் பத்து செகண்டுக்கு ஒரு தடவை பீப், அந்த மூன்றாவது பீப்பில் குழந்தை எழுந்து அழ ஆரம்பித்துவிடுவாள், அப்புறம் அவளைத் தூங்கவைக்க ஒரு மணி நேரம் ஆகும். ஒரே ராத்திரியில் மூன்று தடவை இது நடந்திருக்கிறது.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான், முன்பக்க பட்டனை அழுத்திப் பார்த்தேன். பல மாடல்களில் பேட்டரியில் ஓடும்போது பவர் பட்டனை லேசாகத் தட்டினால் சத்தம் நின்றுவிடும், சார்ஜ் தீரப்போகும் நேரத்தில் மட்டும் மறுபடி கத்தும். என்னுடையதும் அப்படித்தான். ஆனால் தட்டுவதற்குப் பதில் நாலைந்து செகண்ட் பிடித்துவிட்டால் அதே பட்டன் யூபிஎஸ்ஸையே அணைத்துவிடும். ஒரு நாள் நான் சமையலறையில் இருந்தபோது குழந்தை எழுந்துவிடுமே என்று வீட்டுக்காரர் ஓடிப்போய் அழுத்திப் பிடித்துவிட்டார். பீப்பும் நின்றது, கம்ப்யூட்டரும் நின்றது.

அதனால் கடையில் கொடுத்துத் திறக்கச் சொன்னேன். இதை நீங்களே செய்ய வேண்டாம், ப்ளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே பேட்டரி இருக்கிறது, கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும், வாரண்டியும் போகும். போர்டின் ஓரத்தில் கறுப்பாக, சட்டைப் பட்டன் அளவில், நடுவில் ஒரு துளையோடு இருந்ததுதான் பீப் சத்தம் போடும் பஸ்ஸர். கடைக்காரர் சால்டரிங் அயர்ன் வைத்து இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். ஆறு மாதம் வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது.

அப்புறம்தான் அந்த ஜூலை. எங்கள் வீட்டு லைட்டும் ஃபேனும் இன்வெர்ட்டரில் ஓடுகின்றன. கம்ப்யூட்டரை மட்டும் அதில் கொடுக்கவில்லை, காரணம் அது சின்ன இன்வெர்ட்டர், மாறும் அந்த ஒரு கணத்தில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். இதில் நான் யோசிக்காமல் விட்ட விஷயம் என்னவென்றால், இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் கரண்ட் போனதே தெரியாது. லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரும் எரிகிறது, யூபிஎஸ் மேஜைக்கு அடியில் சத்தமில்லாமல் தீர்ந்துகொண்டிருக்கிறது. தினசரி காலண்டருக்கு நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம் என்று ஒவ்வொரு தாளாக வைத்துக்கொண்டிருந்தேன். சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிட்டது. கரண்ட் வந்து திறந்து பார்த்தால் ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது. பழைய காப்பியில் மார்ச் மாதம் வரைதான் இருந்தது, மீதி ஒன்பது மாதத்தையும் மறுபடி உட்கார்ந்து வைத்தேன். அந்த வாரம் நான் அழுதது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பீப்பை நிறுத்த நினைப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான். கரண்ட் போயிருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லும் அந்தப் பீப் வேண்டாம், சரி. ஆனால் பேட்டரி தீரப்போகிறது என்று படபடவென்று அடிக்கும் கடைசிப் பீப் வேண்டும். பஸ்ஸரைக் கழற்றினால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

அதே கடையில் புது பஸ்ஸர் வைக்கச் சொன்னேன். அதன் துளைமேல் சின்ன வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, போர்டைக் கழுவிய பிறகு எடுத்துவிடவும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. சால்டரிங் முடிந்து போர்டைக் கழுவும்போது உள்ளே தண்ணீர் போகாமல் இருக்கத்தான் அந்த ஸ்டிக்கராம். எடுக்காமல் விட்டுப் பாருங்கள் என்றார் கடைக்காரர். என் காதுக்குச் சத்தம் பாதிதான் கேட்டது. யூஎஸ்பி இல்லாத யூபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும், தடுப்பைத் தாண்டிப் போகாது.

மூன்றாவது வருடம் ஏபிசி (APC) கம்பெனியின் 1100 விஏ மாடல் வாங்கினேன், 660 வாட், யூஎஸ்பி கேபிளோடு. அதற்கான பவர்சூட் (PowerChute) மென்பொருளில் சத்த எச்சரிக்கை எப்போதும் வேண்டுமா, எப்போதுமே வேண்டாமா, அல்லது இந்த மணியிலிருந்து இந்த மணி வரை மட்டும் வேண்டாமா என்று கேட்கும். ராத்திரி 9 முதல் காலை 6 வரை வேண்டாம் என்று வைத்தேன். அந்த நேரத்தில் கரண்ட் போனால் திரையில் செய்தி வரும். பேட்டரியில் ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கும்போது தானாக ஷட்டவுன் ஆகும்படியும் வைத்திருக்கிறேன். இந்த ஷட்டவுனை அமைக்காமல் சத்தத்தை மட்டும் அணைக்காதீர்கள். தம்பி வீட்டுக் கம்ப்யூட்டரில் உபுண்டு லினக்ஸ், அங்கே இதே வேலைக்கு நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் என்ற மென்பொருள் போட்டோம். அதில் பீப்பரை இந்த ஒரு தடவைக்கு மட்டும் நிறுத்த ஒரு கட்டளை, ஒரேயடியாக நிறுத்த இன்னொன்று. எந்தக் கட்டளையை உங்கள் யூபிஎஸ் ஏற்கும் என்பது மாடலைப் பொறுத்தது, பட்டியல் கேட்டால் அதுவே காட்டும்.

இன்னொன்று, கரண்ட் இருக்கும்போதே பீப் வந்தால் அதை அணைக்க வழி தேடாதீர்கள். பெரும்பாலும் பேட்டரி மாற்றச் சொல்கிறது, இல்லையென்றால் லோடு அதிகம். நான் ஒரு தடவை லேசர் பிரிண்டரை அதே யூபிஎஸ்ஸில் செருகி, அது சூடேறும்போதெல்லாம் யூபிஎஸ்ஸை அலற வைத்திருக்கிறேன். பிரிண்டர் நேராகச் சுவர் ப்ளக்கில்தான் இருக்க வேண்டும். பேட்டரி விஷயத்தில் எங்கள் ஊர் வெயில் பெரிய எதிரி. இந்த லெட் ஆசிட் பேட்டரிகள் 25 டிகிரியைக் கணக்கில் வைத்துச் செய்தவை, அதற்கு மேல் எட்டுப் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். என் பழைய யூபிஎஸ்ஸின் 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி இரண்டரை வருடம்தான் வந்தது, கழற்றியபோது பக்கவாட்டில் உப்பியிருந்தது. இப்போது யூபிஎஸ்ஸை ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறேன்.

போன வாரம் ராத்திரி ஒன்றரை மணிக்குக் கரண்ட் போனது. திரையில் செய்தி வந்தது, சேவ் செய்தேன், இன்னொரு டிரைவிலும் ஒரு காப்பி போட்டேன், ஷட்டவுன் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். காலையில் மாமியார் அடுப்பங்கரையில் கடிகாரம் மினுக்குவதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ராத்திரி கரண்ட் போச்சா?" என்றார்.